பள்ளமாகிப் போன பீச் பழம்

"கையை நீட்டிப் பழத்தைத் தொடுங்க" என்றார் முதலாளி பெங்.

நீட்டினேன். தொடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. முந்தின நாள் வரைக்கும் அந்தத் திரையிலிருந்து ஒரு பீச் பழம் வெளியே துருத்திக்கொண்டு நிற்குமாம். கண்ணாடி கிண்ணாடி எதுவும் மாட்ட வேண்டாமாம், பார்க்கிறவன் கை தானாக நீளுமாம். இன்று காலையில் அதே பழம் உள்வாங்கிக் குழியாகக் கிடந்தது. பழத்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய சுவரோ என் மூக்குக்கு நேரே வந்து நின்றது. பலகார அச்சைக் குனிந்து பார்த்த மாதிரி இருந்தது. காலையில் குடித்த சோயாப் பால் வயிற்றுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தது.

"யாரோ பழத்தைத் தின்னுட்டுக் குழியை மட்டும் விட்டுட்டுப் போயிருக்காங்க அக்கா" என்றேன்.

"வாயை மூடுடா ஆ-காய்" என்றார் ஃபென் அக்கா.

ஃபென் அக்காவின் முழுப்பெயர் லியாவ் ஷூ-ஃபென். ஷின்ஷூ நகரத்தில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிக்கொண்டு பிழைக்கிறவர். ஐம்பதைத் தாண்டியும் ஒரு இடத்தில் நிற்க மாட்டார். உட்கார்ந்தால் தர்பூசணி விதையைக் கொறிப்பார், எழுந்தால் அறையை அளப்பார். இந்த ஆய்வுக்கூடத்தில் தீனிக்குத் தடை என்பதால் காலையிலிருந்து நடையோ நடை. நான் அவருடைய உதவியாளன். எதிர்காற்றில் ஸ்கூட்டர் ஓட்டுவதும், இடையிடையே திட்டு வாங்குவதும் என் வேலை.

"இதைச் சரி பண்ண முடியாதா?" என்று அக்கா கேட்டார்.

"என்னத்தைச் சரி பண்றது மேடம்? திரைக்கு முன்னாடி இருந்த தாளையே காணோம்!" பெங் திரையைத் தட்டிக் காட்டினார். "அந்தத் தாள்தான் எங்க உயிர். கண்ணுக்குத் தெரியாத வரிவரியான லென்ஸுங்க. இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம்னு பிரிச்சு அனுப்பும். அறையில எந்த மூலையில நின்னாலும் பழம் வெளியே வரும். உலகத்துல அது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதை உருவிட்டு, கடையில விக்கிற சாதாரண லென்ஸ் தாளை ஒட்டி வச்சிருக்காங்க. மத்தியானம் ஒசாக்காவிலிருந்து இந்தத் திரையை வாங்க வர்றாங்க. நான் குழியையா காட்டுவேன்?"

"யார் மேல சந்தேகம்?"

பெங் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் விரலை நீட்டினார். அங்கே ஸ்டூலில் ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சியூ மான்-டிங், பொறியாளர். மேசைகளில் இருந்த அத்தனை பேரும் வேலை பார்க்கிற பாவனையில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் எல்லார் காதிலும் விழும்படி பெங் அவளைத் திருடி என்று கத்தியிருந்தார்.

"போன மாசம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டுச்சு. போகலைன்னு சொன்னா. இப்ப தெரியுது, ஏன் போகலைன்னு. உள்ள இருந்துக்கிட்டே எடுத்துக் குடுத்திருக்கா. பன்னிரண்டு மணி வரைக்கும் உங்களுக்கு நேரம் தர்றேன். அதுக்குள்ள தாள் வரலைன்னா போலீஸுக்குப் போன் போட்டுடுவேன்."

இந்தத் தொழில்பேட்டையில் ஒரு கம்பெனியில் தும்மினால் பக்கத்துக் கம்பெனியில் மூக்கைத் துடைப்பார்கள். போலீஸ் வண்டியில் ஒரு தடவை ஏறிவிட்டால் அப்புறம் மான்-டிங்குக்கு எந்தக் கதவும் திறக்காது. எனக்கு அவளைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"கேமரா?" என்றார் அக்கா.

"இந்த அறையில வைக்கலை. ரகசியம் வெளிய போயிடக் கூடாதுன்னு..."

"ரகசியம் பத்திரமா இருக்கு முதலாளி, தாள்தான் போயிடுச்சு" என்றேன். பெங் முறைத்தார்.

அறைக்குச் சாவிகள் மூன்று. ஒன்று பெங்கிடம், ஒன்று மான்-டிங்கிடம், மூன்றாவது டாக்டர் ஷி ஜிங்-ஹானிடம். இந்தத் திரையைக் கண்டுபிடித்தவரே டாக்டர் ஷிதான். ஒல்லியான, சாதுவான மனிதர். மூலையில் நின்றுகொண்டு, ஆறிப்போன ஊலாங் தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"மான்-டிங் எப்படிப்பட்ட பொண்ணு டாக்டர்?" என்று அக்கா கேட்டார்.

"எட்டு வருஷமா என்கூட வேலை பாக்கறா. நல்ல பொண்ணுதான். ஆனா... எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை."

அந்த 'ஆனா' எனக்குப் பிடிக்கவில்லை. கூடவே வேலை பார்த்த மனுஷன், 'அவ எடுத்திருக்க மாட்டா' என்று ஒரு வார்த்தை சொன்னால் நாக்கா தேய்ந்துவிடும்?

அக்கா திரையைச் சுற்றிச் சுற்றி வந்தார். திடீரென்று நின்று அண்ணாந்து பார்த்தார். திரையின் சட்டத்துக்கு மேலே ஒரு பச்சைப் பொட்டலம் நின்றது. தேங்காய் வாசனைச் சோளப் பொரி. எந்த ஊர் இயந்திரம் எப்படியோ, எங்கள் ஊர் இயந்திரம் இது இல்லாமல் ஓடாது என்பது எல்லாருடைய நம்பிக்கை. பச்சைப் பொட்டலம்தான் வைக்க வேண்டும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது, முகப்பு நம்மைப் பார்த்து நிற்க வேண்டும். எவனாவது பசியில் பிரித்துத் தின்றுவிட்டால் இயந்திரம் படுத்துவிடும். ஆஸ்பத்திரி ஸ்கேன் கருவியிலிருந்து பேருந்துச் சீட்டு இயந்திரம் வரைக்கும் இதே கதைதான்.

"சட்டத்தைக் கழட்டாம தாளை உருவ முடியுமா?"

"முடியாது" என்றார் பெங்.

"பொட்டலத்தை எடுக்காம சட்டத்தைக் கழட்ட?"

"அதுவும் முடியாது."

"அப்போ திருடன் பொட்டலத்தை எடுத்துக் கீழே வச்சிருக்கான். வேலை முடிஞ்சதும் அதைத் திரும்ப நடு மத்தியில, முகப்பு முன்னாடி பாக்கற மாதிரி நிறுத்தியிருக்கான். அவசரத்துல திருட வந்த வெளிநாட்டு ஆளு பொரிப் பொட்டலத்துக்கு இவ்வளவு மரியாதை குடுப்பானா? தூக்கிக் குப்பையில போட்டிருப்பான்."

"இல்லைன்னா பிரிச்சுத் தின்னிருப்பான்" என்றேன். "நானா இருந்தா தின்னிருப்பேன்."

"இது இந்த இயந்திரத்தோட வாழ்ற ஆளு செஞ்ச வேலை முதலாளி. இது கெட்டுப் போகக் கூடாதுன்னு நினைக்கிற ஆளு."

"அப்போ அவதானே!" என்று பெங் துள்ளினார்.

"சாவி மூணு பேர்கிட்ட இருக்கு" என்றார் அக்கா. பெங்கின் துள்ளல் அடங்கியது. அந்த மூன்றில் ஒன்று தன் சட்டைப் பையில் இருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அக்கா மான்-டிங்கை உள்ளே கூப்பிட்டார். அழுத முகம் இல்லை. கோபத்தை விழுங்கி விழுங்கிக் கன்னம் இறுகிப் போயிருந்தது.

"காலையில முதல்ல பாத்தது நீதானே?"

"ஆமா அக்கா. கதவைத் திறந்தேன். திரை போட்டபடியே இருந்துச்சு, பீச் பழத்தோட. வாசல்லேயே தெரிஞ்சு போச்சு. பழம் பள்ளத்துல கிடந்துச்சு. கத்திட்டேன்."

"இந்தத் தாளை ஒட்டின வேலை எப்படி?"

மான்-டிங் குனிந்து பார்த்தாள். வேலை என்றதும் அவள் கோபம்கூட ஒரு நொடி விலகி நின்றது. "சுத்தமான வேலை. ஒரு காற்றுக் குமிழ்கூட இல்லை. ஆனா மயிரிழை அளவு நகர்ந்து உக்காந்திருக்கு. அதனால இடது கண்ணுக்குப் போக வேண்டிய படம் வலது கண்ணுக்குப் போகுது. இப்படி மாறிப் போனா மேடெல்லாம் பள்ளமாத் தெரியும்."

"அனுபவசாலி இப்படி விட்டுட்டுப் போவானா?"

"போகவே மாட்டான் அக்கா. ஒட்டினதும் போட்டுப் பாப்போமே. பாத்தா குழந்தைக்கே தெரிஞ்சிடும்."

அக்காவின் நடை நின்றது. வலது கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தார். கையை எடுத்தார். மறுபடி பொத்தினார்.

"ஆ-காய், ஒத்தைக் கண்ணால பாரு."

பொத்தினேன். குழி மறைந்துவிட்டது! சுவரும் பின்னால் போய்விட்டது. காலண்டரில் அச்சடித்த மாதிரி தட்டையாக ஒரு பீச் பழம், எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது.

"சோயாப் பால் உக்காந்துடுச்சு அக்கா. நான் இனிமே இப்படியே இருந்துக்கறேன்."

அக்கா சிரிக்கவில்லை. என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னார்: "திரை போட்டபடியே இருந்துச்சுன்னா திருடன் போட்டுப் பாத்திருக்கான்னு அர்த்தம். பாத்துட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு நிம்மதியாப் போயிருக்கான். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன். ரெண்டு கண்ணும் திறந்திருக்கும், ஆனா ரெண்டும் சேர்ந்து வேலை செய்யாது. சில பேருக்குப் பிறவியிலேயே அப்படி. வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது."

"அப்படின்னா பெங்குதான்! சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருக்காரே. பந்தயம், ஒரு கிண்ணம் கறி உருண்டை சூப்."

"நீ எப்பவும் சாப்பாட்டை வச்சுத்தான் யோசிப்பியா?"

பக்கத்து அறையில் பழைய மாதிரித் திரை ஒன்று இருந்தது. அதில் படமே வராது, மணலைக் கொட்டின மாதிரி வெறும் புள்ளிகள். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால் மட்டும் நடுவில் ஒரு வட்டம் மேடாக எழும்பும், அல்லது பள்ளமாக இறங்கும். ஒற்றைக் கண்ணுக்கு மணல் மணலாகவே இருக்கும். ஒவ்வொரு முறையும் மேடா பள்ளமா என்பதை இயந்திரமே தன் இஷ்டத்துக்கு மாற்றும். விடை என் கையில் தந்திருந்த டேப்லெட் பலகையில் மட்டும் தெரியும். ஒருவர் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் பக்கத்தில் நின்று சரிபார்ப்பது அந்தக் கூடத்து வழக்கமாம். மான்-டிங் தன் பாட்டில் போய்ப் பக்கத்தில் நின்றாள். எதற்காக இந்தச் சோதனை என்று அக்கா யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் பெங்.

"மேடு. மேடு. பள்ளம். மேடு. என்ன விளையாட்டு மேடம் இது? மணி என்ன ஆகுது பாருங்க!"

எல்லாமே சரி. என் உருண்டை சூப் போயே போச்சு. மான்-டிங் நின்றாள், கடகடவென்று சொன்னாள். அதுவும் சரி. மிச்சம் டாக்டர் ஷி. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக வந்து நின்றார். மான்-டிங் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தாள்.

"பள்ளம்" என்றார் டாக்டர்.

பலகையைப் பார்த்தேன். பள்ளம்.

"மேடு... மேடு... பள்ளம்."

ஒன்றுகூடத் தப்பவில்லை. மான்-டிங் கையிலிருந்த பேனாவை வேறு டிக் டிக்கென்று அழுத்திக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே எரிச்சலில் இருந்த எனக்கு அதைப் பிடுங்கி எறியலாமா என்று வந்தது. அக்காவின் காது மடல் சிவந்துவிட்டது. மூன்று பேருக்கும் கண் சரியாக இருக்கிறது என்றால் எங்கள் கதை முடிந்தது.

"போதும் மேடம்" என்று பெங் கைப்பேசியை எடுத்தார். "நீங்க கிளம்புங்க. நான் போலீஸைக் கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க. ஆனா இந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, அவளை யார் மாட்டி விட்டதுன்னு அவளுக்குத் தெரியணும்ல?" அக்கா நேராக மான்-டிங்கின் முன்னால் போய் நின்றார். "கேளும்மா. தாளை எடுத்தவன் வேற தாளை ஒட்டி, திரையைப் போட்டுப் பாத்திருக்கான். பழம் பள்ளத்துல கிடக்கிறது அவன் கண்ணுக்குத் தெரியலை. நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிட்டுப் போயிட்டான். அதாவது, அவனுக்கு மேடு பள்ளம் தெரியாது. காலையில முதலாளி உன்னைத் திருடின்னு எல்லார் முன்னாடியும் கத்தினாரே, அப்பவும் அவன் இங்கதான் நின்னுட்டு இருந்தான். வாயைத் திறக்கலை."

மான்-டிங்கின் முகம் வெளிறிப் போனதைப் பார்த்தேன். அவள் அக்காவைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பேனாவையே பார்த்தாள்.

"கடைசியா ஒரு தடவை டாக்டர்" என்றார் அக்கா. "ஆ-காய், அழுத்து."

அழுத்தினேன். புள்ளிகள் கலைந்து மறுபடி கூடின. என் பலகையில் 'மேடு' என்று வந்தது.

டாக்டர் ஷி திரையைப் பார்த்தார். கொஞ்சம் காத்திருந்தார். காத்திருந்தார். ஜன்னலில் காற்று வந்து மோதுகிற சத்தம் தவிர ஒன்றும் இல்லை. டிக் சத்தம் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடப்பாவி, ஒரு டிக் என்றால் மேடு, இரண்டு டிக் என்றால் பள்ளம்!

டாக்டரின் கண்கள் மெல்லப் பக்கவாட்டில் திரும்பின. மான்-டிங் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மான்-டிங்..." என்றார்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க சார்."

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. டாக்டர் ஷி திரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு ஒரு நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

"தெரியலை. எனக்கு எப்பவுமே தெரிஞ்சதில்லை" என்றார்.

பெங்குக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன உளர்றீங்க? முப்பரிமாணத் திரையைக் கண்டுபிடிச்சதே நீங்கதானே!"

"கணக்குப் போடறதுக்கு ரெண்டு கண்ணு வேணாம் முதலாளி. சின்ன வயசுலேர்ந்தே எனக்கு உலகமே தட்டைதான். எல்லாரும் 'ஐயோ வெளிய வருது'ன்னு கத்துவாங்க. அது என்னன்னு தெரிஞ்சுக்கணும்ங்கிற வெறியிலதான் இந்தத் துறைக்கே வந்தேன். ஒவ்வொரு சோதனையிலும் மான்-டிங் பக்கத்துல நிப்பா. அவளாக் கண்டுபிடிச்சா. ஒரு நாளும் கேட்டதில்லை, யார்கிட்டயும் சொன்னதில்லை. பேனாவை மட்டும் அழுத்துவா." மேசைமேல் கிடந்த பேனாவைப் பார்த்தார். "ஒசாக்காக்காரங்க கடுதாசி போட்டிருந்தாங்க. கண்டுபிடிச்சவரே தனியா உக்காந்து, எங்க ஆளுங்க முன்னாடி ஆழத்தைக் குறிச்சுக் காட்டணும்னு. பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது. மாட்டிக்குவேன்னு பயந்துட்டேன். நல்ல தாளை எடுத்து மறைச்சிட்டு சாதாரணத் தாளை ஒட்டினா, படம் கொஞ்சம் மங்கலாத் தெரியும், இன்னும் தயாராகலைன்னு சொல்லி அவங்களைத் திருப்பி அனுப்பிடலாம்னு நினைச்சேன். பள்ளமா ஒட்டியிருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தாள் எங்கே?" என்று பெங் அலறினார்.

"என் கார்ல. பின்சீட்ல, போர்வையில சுத்தி."

நான் ஓடினேன். வாகன நிறுத்தத்தில் காற்று என்னையே தூக்கிவிடும் போல இருந்தது. பெரிய கண்ணாடித் தாளை ஆட்டாமல் அசைக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, அறையில் மான்-டிங் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒசாக்காவுக்குப் பயந்தீங்க, சரி. அது எனக்குப் புரியுது சார். காலையில என்னை அந்த ஸ்டூல்ல உக்கார வச்சாங்களே. உங்க பக்கம்தான் பாத்துட்டு இருந்தேன். 'அவ இல்லை'ன்னு ஒரு வார்த்தை. காரணம்கூடச் சொல்ல வேணாம். அந்த ஒரு வார்த்தைக்கு என்ன கேடு?"

டாக்டர் ஷி தலை குனிந்துகொண்டார். பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. நான் தாளை மேசையில் இறக்கினேன்.

"பேனா விஷயம் உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?" என்று அக்காவின் காதில் கேட்டேன்.

"முதலாளி நின்னப்போ அவ பேனாவையே எடுக்கலையே. டாக்டர் வந்ததும்தானே எடுத்தா. அப்பவே பிடிச்சுக் குடுத்திருக்கலாம். ஆனா அந்த டிக் சத்தம் அவ கையாலயே நிக்கட்டும்னு தோணுச்சு."

பெங் இதற்குள் வியாபாரியாகி விட்டிருந்தார். "மான்-டிங், அவங்க வர்றதுக்குள்ள இதை மாட்டிட முடியுமா? நீதான் செய்யணும்."

"முடியும் முதலாளி. முதல்ல வெளிய வாங்க."

"எதுக்கு?"

"காலையில எல்லார் முன்னாடியும் என்னை என்னன்னு சொன்னீங்க? அதே எல்லார் முன்னாடியும் இப்ப இல்லைன்னு சொல்லுங்க. அப்புறம் கையுறை மாட்டறேன்."

பெங் எங்களைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன், அக்கா ஆய்வுக்கூடத் தடையை மீறி ஒரு தர்பூசணி விதையை வாயில் போட்டுக்கொண்டார். வேறு வழியில்லாமல் பெங் கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே போய் நின்று, தொண்டையைச் செருமினார். "மான்-டிங் எதையும் எடுக்கலை. நான் தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சுக்கோம்மா" என்று இடுப்பு வளைந்து தலை குனிந்தார். மேசைகளில் ஒருவர்கூட வேலை பார்க்கிற பாவனை செய்யவில்லை. யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள். மான்-டிங்கின் இறுகிய கன்னம் அப்போதுதான் தளர்ந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது.

திரும்பி வந்த பெங், டாக்டர் ஷியைப் பார்த்து, "நீங்க வீட்டுக்குப் போங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

"அவர் போகக் கூடாது" என்றாள் மான்-டிங். "ஒசாக்காக்காரங்க யார் கண்டுபிடிச்சதுன்னு கேப்பாங்க. இவர்தான் கண்டுபிடிச்சார், அதை நான் எடுத்துக்க மாட்டேன். தனியா உக்காந்து ஆழம் குறிக்கச் சொன்னா, எனக்குத் தெரியாதுன்னு அவரே அவங்ககிட்ட சொல்லட்டும். இனிமே பக்கத்துல நின்னு நான் பேனா அழுத்த மாட்டேன்."

டாக்டர் ஷியின் முகம் வெளுத்தது. மறுப்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் சரி என்று தலையசைத்தார். பிறகு, எட்டு வருஷத்துப் பழக்கம், அவள் பக்கம் திரும்பினார்.

"அவங்க மொழியில அதை எப்படிம்மா சொல்றது?"

மான்-டிங் கையுறையை விரல் விரலாக இழுத்து மாட்டினாள். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"அவங்க வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு சார்" என்றாள். "கத்துக்கோங்க."